அறுபதே போடுங்க

இல்லீங்க தம்பி, டீ வேணாம். குடிச்சா அப்புறம் பாத்ரூம் எங்கன்னு கேக்கணும். உங்க கடை பாத்ரூமை போன தடவையே பாத்துட்டேன். அந்த ஸ்டூலை மட்டும் இப்படித் தள்ளிப் போடுங்க. ம். நீங்களும் உக்காருங்க டேவிட், நின்னுட்டே இருந்தா நான் ஏதோ சண்டைக்கு வந்த மாதிரி இருக்குது.

அவசரமெல்லாம் இல்ல. எங்க மாமியாரை இப்பத்தான் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ்க்குப் படுக்க வச்சுட்டு வரேன். மெஷின்ல மாட்டியாச்சுன்னா நாலு மணி நேரம் அந்தம்மா உள்ள கட்டு, நான் வெளிய கட்டு. வாரத்துக்கு மூணு நாள் இதே கூத்து. இரும்பு நாற்காலியில உக்காந்துட்டு, அடுத்தவங்க மாமியாருக்கு உப்பு எவ்வளவு போடறாங்கன்னு கேட்டுட்டே இருக்கணும். கார் சாவி மடியில கெடக்கும். கார் வேப்ப மரத்தடியில நிக்கும். எங்கயும் போவ முடியாது. அது ஏன்னு அப்புறம் சொல்றேன், மொதல்ல டயரைப் பேசுவோம்.

டயர் மாத்த வண்டியை இங்க விடச் சொல்லிட்டு, எங்க வூட்டு சார் உங்களுக்கு என்ன அனுப்பியிருக்காரு? வாய்ஸ் மெசேஜா. எவ்வளவு நேரம் ஓடுது, ஏழு நிமிசமா. கல்யாண நாளுக்கு எனக்கு வந்தது ஒரு கேக்கு படம். போடுங்க, கேப்போம்.

போதும் போதும், நிறுத்துங்க. காம்பவுண்டு, சைட்வாலு, கார்னர்ல க்ரிப்பு. பெங்களூர்ல வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்துட்டு சனிக்கிழமை வூட்டுக்கு வந்தா, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடியும் இதேதான். ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டா, ஈர ரோட்டுல அந்த டயர் வழுக்கும்னு பதில் வரும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இந்தா, இங்க சுவத்துல சாச்சு வச்சிருக்கீங்களே, இது ட்ரெட்வேர் முன்னூத்தி சொச்சம் தானே?

அப்படிப் பாக்காதீங்க. டயர் மேலயே அச்சு அடிச்சிருக்கான். கான்வென்ட்ல தமிழ்ல பேசினதுக்கெல்லாம் ஃபைன் கட்டிப் படிச்ச இங்கிலீஷு, டயரைப் படிக்கவாச்சும் ஒதவட்டும். அந்த நம்பரு சின்னதா இருந்தா ரப்பர் மெத்துன்னு இருக்கும், ரோட்டை நல்லாக் கவ்வும், சீக்கிரம் தேஞ்சு போவும். பெருசா இருந்தா கெட்டி ரப்பரு, ரொம்ப நாளைக்கு வரும், ஆனா கவ்வறது கம்மி. சரியா சொல்றேனா?

சார் கேக்கறது இருநூறு. ட்ராக் டயர். வருசத்துக்கு மூணு நாலு தடவ கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்குக்குப் போறாரு. கூடவே அவரு வயசுல நாலு பேரு. வயித்தை உள்ள இழுத்துட்டு ஹெல்மெட்டைக் கக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுத்துக்குவாங்க. அதை நான் தப்பு சொல்லல. சில பேரு தீர்த்தமலைக்குப் போறாங்க, இவங்க அங்க போறாங்க. ஆனா மீதி நாளெல்லாம் இந்த வண்டி எங்க ஓடுது? அரூர் ரோட்டுல. ட்ராக்டர் உதுத்துட்டுப் போற சேறு, மரவள்ளிக் கிழங்கு லாரி, ஊருக்கு ஊரு ஸ்பீடு பிரேக்கரு. மெத்து ரப்பரைப் போட்டா ரோட்டுல கெடக்கற ஜல்லியெல்லாம் பொறுக்கி எடுத்து வண்டி அடியில தடதடன்னு அடிக்கும். தண்ணி வெளிய போறதுக்குன்னு கோடு கோடா வெட்டியிருக்கே, அதுவும் அதுல பேருக்குத்தான். தொப்பூர் எறக்கத்துல, மழையில, பின்னாடி ஒரு சரக்கு லாரி ப்ரேக்கு புடிக்காம வரும்போது அந்த டயரோட எறங்கிப் பாக்கச் சொல்லுங்க.

இதெல்லாம் சாருக்குத் தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியும். என்னை விட நல்லாத் தெரியும். அதனாலதான் அவரு ஒரு முடிவு எடுத்திருக்காரு. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

இந்த டயர் வந்துட்டா வாரநாள்ல வண்டி ஷெட்டை விட்டு நகரக் கூடாதாம். ஓடற ஒவ்வொரு கிலோமீட்டரும் ரப்பரைத் திங்குதாம். ட்ராக்குக்குன்னு வாங்கற ரப்பரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வீணாக்கறதாவது. அம்மாவுக்கு வேன் பேசிட்டாரு. தர்மன்னு எங்க ஊர்க்காரரு, நல்ல மனுசன்தான், தூக்கி உக்கார வச்சு, கூடவே இருந்து கூட்டிட்டு வந்துருவாரு. இனி நீ அலைய வேணாம் யுவா, வூட்டுல நிம்மதியா இருன்னாரு. நிம்மதிங்கறது அவரு வார்த்தை.

நீங்க எங்க வூட்டைப் பாத்ததில்லையே. மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள போவணும், மாந்தோப்பு தாண்டி. பஸ்ஸுக்கு நடந்து போனா வழியில ஒவ்வொருத்தரும் எங்க கெளம்பிட்ட, எங்க கெளம்பிட்டன்னு கேப்பாங்க. நான் பஸ் ஏறதுக்குள்ள பதிலு மாமியாருக்குப் போய்ச் சேந்திருக்கும். பொண்ணு சேலத்துல ஹாஸ்டல்ல இருக்குது. வூட்டுல நானும் மாமியாரும் டிவியும். அந்தம்மாவுக்கு நானும் பேசக் கூடாது, டிவியும் நிக்கக் கூடாது. ஷெட்டுல வண்டிக்கு உறை தெச்சுப் போட்டு வச்சிருக்காரு உங்க சாரு. அந்தத் தையக்காரன் அளவு எடுக்க அடுத்து எங்கிட்ட வருவான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. எனக்கு வாரத்துல இந்த மூணு நாளு, போக இருபது கிலோமீட்டரு, வர இருபது, அதுதான் வெளி ஒலகம். அதை நாலு டயர் சாப்பிடப் போவுது.

பொய் சொல்லச் சொல்லி நான் உங்களைக் கேக்க மாட்டேன் டேவிட். நீங்க கோயிலுக்குப் போற ஆளு, ஞாயித்துக்கிழமை ஃபாதர் முகத்துல முழிக்கணும். உண்மையை மட்டும் சொல்லுங்க. அந்த இருநூறு டயரு இங்க ஸ்டாக்குல இருக்குதா? இல்லையில்ல. சொல்லி விட்டா எப்ப வரும்? அதுவும் தெரியாது. சாருக்கு அடுத்த ட்ராக் நாளு அடுத்த மாசம் மொதல் ஞாயிறு, இப்ப இருக்கறது வழுக்கையா இருக்குது, இதைப் போட்டுட்டு அவங்க உள்ளயே விட மாட்டாங்க. அதைச் சொல்லுங்க. ட்ராக் டயரை ஓட்டாம வாரக் கணக்குல ஒரே எடத்துல நிறுத்தி வச்சா, தரையில படற எடம் தட்டையாகி, அப்புறம் ஸ்டியரிங் ஒதறும். அதைச் சொல்லுங்க. நடுவுல ஒரு ரகம் இருக்கே, ரோட்டுக்கும் ஆவும், எப்பவாச்சும் ட்ராக்குக்கும் தாங்கும், மழையிலயும் நிக்கும், இந்தா சுவத்துல சாஞ்சு நிக்குதே இதுதான், இதைப் போட்டா வண்டி தெனமும் ஓடலாம்னு சொல்லுங்க. இதுல எது பொய், நீங்களே சொல்லுங்க.

ம். யோசிங்க. நல்லா யோசிங்க. எனக்கு நேரம் இருக்குது.

மாது அண்ணே, ஜாக்கை அங்க குடுக்காதீங்க, அது தகரம், அமுங்கிரும். அந்த வெட்டு இருக்குது பாருங்க, அதுக்கு அடியில. ஆங். அங்கதான்.

சரி, இன்னொரு விசயம். இதுதான் முக்கியம். ப்ரொஃபைலு. டயரோட பக்கச் சுவரு ஒசரம். இப்ப மாட்டியிருக்கறது அம்பது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி உங்க கடையிலதான் மாட்டினாரு, பாக்கறதுக்கு ஒல்லியா, ஸ்டைலா இருக்குதுன்னு. கம்பெனி குடுத்தது அம்பத்தஞ்சு. ட்ரைவர் கதவைத் தெறந்தா தூண்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், போய்ப் பாருங்க. எனக்கு அம்பத்தஞ்சும் வேணாம். அறுபது போடுங்க. இதே வண்டியில கீழ் மாடலுக்கு அதுதான் வருது, ரிம்மும் ஒண்ணுதான், எங்கயும் ஒரசாது. நான் விசாரிச்சுட்டேன்.

ஏன்னா கேக்கறீங்க. அதைத்தான் அப்புறம் சொல்றேன்னேன்.

நான் வண்டி எடுத்தா மீட்டரை ஃபோட்டோ எடுத்து சாருக்கு அனுப்பணும். கெளம்பறப்ப ஒண்ணு, வந்ததும் ஒண்ணு. வண்டியோட ஹெல்த்துக்காம். ஃபோன் மேப்புல எங்க வூட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி போய்த் திரும்ப சரியா நாப்பது காட்டுது. மீட்டர்ல நாப்பத்தி ஒண்ணும் சொச்சமும் வரும். இப்ப டயர் தேஞ்ச பெறகு கிட்டத்தட்ட நாப்பத்தி ரெண்டு. உடனே ஃபோன் வரும். அந்த மிச்சம் எங்க போச்சு யுவா? கோவமாக் கேக்க மாட்டாரு. அமைதியாக் கேப்பாரு, ஆஃபீஸ்ல சின்னப் பசங்க கிட்ட கேக்கற மாதிரி.

ரெண்டு வருசமாப் பதில் சொல்லியிருக்கேன். பார்க்கிங் கெடைக்கல, சுத்தினேன். பாலத்துக்கிட்ட ரோடு வேலை, சுத்தி விட்டாங்க. அந்தப் பக்கம் போய் யூ டர்ன் எடுத்தேன். அத்தைக்கு மாத்திரை வாங்க ரெண்டு கடை ஏறினேன். சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்துல எனக்கே பயம் வந்துருச்சு தம்பி. நெசமாவே நான் எங்கயோ போயிட்டு வந்து மறந்து போயிடறேனோன்னு.

அப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியில உக்காந்திருக்கேன். கதவைத் தெறந்து வச்சிருக்கேன், வேகாத வெயிலு. படிக்க ஒண்ணுமில்லாம அந்த ஸ்டிக்கரைப் படிச்சேன். எறங்கிப் போய் டயரைப் படிச்சேன். அங்க அம்பத்தஞ்சு, இங்க அம்பது. எங்க கணக்கு சிஸ்டரு வட்டத்துக்குச் சுத்தளவு கண்டுபிடிக்க முட்டி போட வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. சக்கரம் சின்னதா இருந்தா அதே தூரத்துக்கு அதிகமாச் சுத்தணும். மீட்டருக்கு ரோடு தெரியாது, சுத்து மட்டும்தான் தெரியும். திரும்பி வரும்போது ரோட்டோர கிலோமீட்டர் கல்லை வச்சுப் பாத்துட்டே வந்தேன். அத்தை பின் சீட்டுல தூங்கிட்டு இருந்தாங்க. கல்லு ஒண்ணு சொல்லுது, மீட்டரு ஒண்ணு சொல்லுது. ஊரு வந்து சேரும்போது எனக்கு அழுவையா வந்துச்சு. அவரு ஆசைப்பட்டு மாட்டின டயருக்கு, ஓட்டாத கிலோமீட்டருக்கு, ரெண்டு வருசமா நான் பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன, ஓ அப்படியான்னு மேப்பை வச்சு இன்னும் சரியா ஒரு கணக்குப் போடுவாரு. அதுக்கு அப்புறம் எனக்குப் பொய் சொல்லக் கூட எடம் இருக்காது.

அறுபது போட்டா சக்கரம் பெருசு. நாப்பது ஓட்டினா முப்பத்தி ஒம்பதைக் கூடத் தொடாது. அவருக்கு நாப்பது காட்டினா போதும், எனக்கு ஒண்ணேகால் கிலோமீட்டர் மிச்சம். ஒவ்வொரு தடவையும்.

இல்ல, சார் கண்டுபிடிக்க மாட்டாரு. டயர் மாத்தினா வேகம் தப்பாக் காட்டும்னு அவருக்கு நல்லாத் தெரியும், அதை எங்கிட்டயே பத்து தடவ விளக்கியிருக்காரு. தூரமும் தப்பாக் காட்டும்னு அவரு மண்டையில ஏறினதே இல்ல. ஏறியிருந்தா இத்தன நாளா என்னை ஏன் கேக்கறாரு? வேகம் அவரு சமாசாரம். தூரம் என் சமாசாரம்.

ஒண்ணேகால் கிலோமீட்டர்ல என்ன இருக்குதுன்னு கேக்கறீங்களா. ஒண்ணுமில்ல. நடந்தே போற தூரமா? ஆமா, நடந்தே போலாம். நடக்கறதுக்கா நான் கேக்கறேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பைபாஸ்ல ஏறி, அடுத்த எறக்கத்துல எறங்கிட்டா அவ்வளவுதான் வரும். ஆளு நடமாட்டம் இல்லாத நேரமா பாத்து, நேர் ரோடு, நாலாவது கியர் வரைக்கும் போட்டு ஒரு மூச்சு ஓட்டலாம். பின் சீட்டுல மெதுவா மெதுவான்னு முனகறதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் நல்ல ரப்பராப் போடுங்கங்கறேன். மெதுவாப் போறவளுக்கு எந்த டயரா இருந்தா என்ன.

உங்க ஃபோன் அடிக்குது பாருங்க. அவருதான். எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் மூச்சு விட மாட்டேன்.

வச்சுட்டாரா? பரவால்லைங்க, நான் கூட நீங்க ஒளறிடுவீங்கன்னு நெனச்சேன். அலாய் ரிம்மு வளைஞ்சிரும் சார், நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கருக்கு அறுபதுதான் சார் தாங்கும்னு அத்தன பணிவா சொன்னீங்களே, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அவரு சொன்னதைக் கேட்டீங்களா, அறுபது மாட்டினா வண்டி பாக்க புல்டோசர் மாதிரி இருக்குமாம். ஸ்பீடாமீட்டர் கம்மியாக் காட்டும், பரவால்ல, நான் ஃபோன்ல பாத்துக்கறேன்னாரு. சொன்னேனா இல்லையா? வேகம்தான். தூரத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரல. அப்புறம் வேன். தர்மனை வேணாம்னு சொல்லிடறேன், ரோட்டு டயர்தானே, யுவாவே ஓட்டட்டும்னு கடைசியா ஒண்ணு சொன்னாரே. அதை நீங்க சரியாக் கேட்டீங்கதானே? ஒரு தடவ நீங்க உங்க வாயால சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

ம்.

சரி, மாட்டுங்க. இருங்க இருங்க, தயாரிச்ச தேதி பாப்போம். கடைசி நாலு நம்பரு. மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். மூணு டயர் ஒரே வாரம், இது மட்டும் போன வருசத்துது. டேவிட் தம்பி, பேசிட்டே இருக்கறப்ப பழசைத் தள்ளி விடறீங்க. போய் வேற எடுத்துட்டு வாங்க. இத்தன நேரம் எங்கிட்ட பேசின பெறகும் உங்களுக்குத் துணிச்சல்தான்.

ஆங், இது சரி. மாது அண்ணே, பேலன்ஸ் பாத்துட்டு மாட்டுங்க. நட்டை எதிரெதிரா இறுக்குங்க, வரிசையா வேணாம்.

என்ன கேட்டீங்க? சந்தேகமா? சாருக்கா, என் மேலயா? அந்த மாதிரி சந்தேகமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அப்படி இருந்தாக்கூட இந்த வயசுல கொஞ்சம் பெருமையா இருந்திருக்கும். பணத்துலயும் கணக்குப் பாக்க மாட்டாரு, அடிக்கறது திட்டறது கெடையாது. ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, நவநீதன் மாதிரி புருசன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்பாங்க.

இந்த ஒல்லி டயர் மாட்டின புதுசுல என்னையும் ட்ராக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு. சாயங்காலம் எல்லாரும் ஓட்டி முடிச்ச பெறகு, வந்த பொம்பளைங்களும் ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாருங்கன்னாங்க, சும்மா தமாசுக்கு. மத்தவங்கெல்லாம் வெக்கப்பட்டுட்டாங்க. நான் ஓட்டினேன். எறங்கி வந்தா பெரிய ஸ்கிரீன்ல, வேகமா வந்தவங்க வரிசையில, பேரும் டைமும் போட்டிருக்காங்க. என் பேருக்குக் கீழ அவரு பேரு. அவரு கூட்டாளிங்க கை தட்டினாங்க, அவரும் தட்டினாரு. சங்ககிரியில நிறுத்தி எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. தொப்பூர் வர்ற வரைக்கும் பேசல. அங்க வந்ததும் சொன்னாரு, நாளையிலேர்ந்து வண்டி எடுக்கும்போது மீட்டரை ஒரு ஃபோட்டோ அனுப்பிடு யுவான்னு.